ஏற்கெனவே பூ வைத்தவள்

ஏன் கேட்கிறீர்கள், நான் எங்கே இறங்கப் போகிறேன் என்று? கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. கேட்கலாம். ஏன் என்று திருப்பிக் கேட்க எனக்கும் உரிமை உண்டல்லவா, அதைத்தான் செய்கிறேன். தென்காசியில் ஏறியதிலிருந்து கவனிக்கிறேன். என் பையைப் பார்த்தீர்கள், செல்பேசியைப் பார்த்தீர்கள், இப்போது ஊரைக் கேட்கிறீர்கள். முன் இருக்கைக்காரர் காதில் கம்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அதில் பாட்டு ஒன்றும் ஓடவில்லை. ஓடினால் நமக்குக் கொஞ்சமாவது கேட்கும். இப்போதெல்லாம் என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் காதாகவே இருக்கிறார்கள்.

புளியங்குடி. போதுமா?

நீங்கள் எந்த ஊர்? ராஜபாளையமா. புளியங்குடியில் சொந்தக்காரர்கள் உண்டா? பெண் கொடுத்தது, எடுத்தது? எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், அப்படி யாரும்? ஒருவர்கூட இல்லையா? சரி, நம்புகிறேன். தற்காலிகமாக நம்புகிறேன்.

சிரிக்காதீர்கள் அம்மா. நான் இப்படித்தான் பேசுவேன். விடுதியில் என்னைச் செய்தி வாசிப்பவள் என்பார்கள். நடத்துநரிடம் பயணச்சீட்டு என்று கேட்டேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், கவனித்தீர்கள்தானே? தமிழ்நாட்டுப் பேருந்தில் தமிழில் சீட்டுக் கேட்டவளுக்கு அந்தப் பார்வை. இதை இன்று இரவே எழுதுவேன்.

எங்கே எழுதுவேன் என்றா கேட்டீர்கள்? அப்படியானால் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். நான் பதிவர். சொந்தப் பதிவர்.

பாருங்கள், உங்கள் முகமும் மாறுகிறது. இந்தச் சொல்லைச் சொன்னவுடன் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகிறது. முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், அடுத்தது கழுத்து, அப்புறம் கால் விரல். எழுதுகிறவளுக்குக் கழுத்தில் என்ன இருக்கும்? எனக்கு இதுவரை விளங்கவில்லை. பெண் எழுதுகிறாள் என்றால் உடம்பைத்தான் பார்க்கத் தோன்றுகிறது இந்தச் சமூகத்துக்கு. அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

இணையத்தில் எழுதுகிறவள் அம்மா. எனக்கென்று ஒரு வலைப்பூ இருக்கிறது. 'எதிர்க்கேள்வி' என்று பெயர். அதில் என் வாழ்க்கையில் நடப்பதை எழுதுவேன். விடுதிச் சாம்பார், பேருந்தில் இடிக்கிறவன், பேராசிரியர் பேசிய பேச்சு, எல்லாம். ஆமாம், ஆமாம், உங்கள் மகனும் அதைத்தான் செய்கிறானா, சமையலைப் பற்றியா? அவன் ப்ளாக் என்கிறானா? அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. இப்போது எடுத்தது உங்களுக்காக. வலைப்பூ, பதிவு, பதிவர் என்று அழகழகாகச் சொற்கள் இருக்கும்போது எதற்கு அது?

அறிமுகம் என்பது சாதாரண விஷயமா சொல்லுங்கள். ஆவுடை என்று பெயரைச் சொன்னால், யாருக்கு மக என்பார்கள். சொன்னால், எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் அவர்களுக்கு வேண்டிய விஷயம் கிடைத்துவிடும், அப்புறம் நான் தேவையில்லை. முதுகலை படிக்கிறேன் என்றால், முடிச்சதும் என்ன ஏற்பாடு என்பார்கள். ஆகவே ஒரு முடிவெடுத்தேன். இனி யாரிடமும் நான் என்ன செய்கிறேனோ அதைச் சொல்லித்தான் அறிமுகம். என் முதல் பதிவே அதுதான். 'அன்புள்ள அந்நியர்களே, நான் யார் மகள் என்று சொல்லப் போவதில்லை' என்றுதான் ஆரம்பிக்கும். தெரிந்தவர்களிடம் வாய் திறக்க முடியாததைத் தெரியாதவர்களிடம் திறந்து சொல்வதுதான் சொந்தப் பதிவு. இதோ உங்களிடம் சொல்கிறேன் அல்லவா, அது மாதிரி.

அந்த அறிமுகத்துக்காகத்தான் என் அக்கா கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆமாம். ஒரு பெண் எழுதுகிறாள் என்பதற்காக அவளுடைய அக்காவின் கல்யாணத்தை நிறுத்துகிறார்கள், இந்தக் காலத்தில். நம்ப முடிகிறதா? அதைக் கேட்கத்தான் போகிறேன். வீட்டில் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்கு என்று அம்பாசமுத்திரத்தில் கிளம்பி, எதிர்த்திசைப் பேருந்தில் ஏறித் தென்காசி வந்தேன்.

கோமதி என்று பெயர். பால்வாடியில் டீச்சர்... ஆசிரியை. என்னைப் போல இல்லை, பேசவே மாட்டாள். செவ்வாய் அது இது என்று எத்தனையோ வரன் தட்டிப்போய், அவளும் இனி யாரும் வரவேண்டாம் என்று உட்கார்ந்திருந்தபோதுதான் இது வந்தது. மாப்பிள்ளைக்குப் பேட்டரிக் கடை. பலகையில் அப்படித்தான் இருக்கும், நான் மின்கலக் கடை என்பேன். பெயர் சங்கரநாராயணன். சங்கரன்கோவிலில் சாமி சங்கரநாராயணர், அம்மன் கோமதி. பெயரிலேயே பொருத்தம் என்று இரண்டு வீட்டிலும் உருகிவிட்டார்கள். பெயரை வைத்துப் பொருத்தம் பார்ப்பதில் இருக்கும் பகுத்தறிவின்மை பற்றி அரைமணி நேரம் பேசினேன். அக்கா கேட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

அவருக்கு அம்மா இல்லை. அத்தைதான் வளர்த்தது. செண்பகவல்லி அத்தை. அத்தை வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அத்தையின் கணவர் நயினார் மாமா, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கூரை போட்டு உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர்.

முதலில் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை அக்காவைக் கொல்லையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரச் சொன்னாள். எதற்குத் தெரியுமா? நடையில் குறை இருக்கிறதா என்று பார்க்க. அக்காவும் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றே எழுதிவிட்டேன். 'குடம் தூக்கி நடந்தவள்' என்று தலைப்பு. காரசாரமாக இருக்கும். ஊர் பேர் ஒன்றும் போடவில்லை, ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் படித்தால் சுருக்கென்று தைக்கும். அதைப் படித்துவிட்டார்கள் என்பதுதான் என் சந்தேகம். சந்தேகம் இல்லை, முடிவு.

எத்தனை பேர் படிப்பார்கள் என்றா கேட்கிறீர்கள்? எண்ணிக்கை முக்கியமில்லை அம்மா. அந்தப் பதிவை ஒரு கை விரலுக்குள் அடங்குகிற பேர்தான் படித்தார்கள், அதிலும் சரிபார்க்க நானே சில தடவை போனேன். ஆனால் மற்றவர்கள் யார்? அதுதான் கேள்வி. அதில் ஒருவர் புளியங்குடியாக இருக்கலாம் அல்லவா?

அப்புறம் பூ வைக்க வந்தார்கள். உங்கள் பக்கமும் உண்டா? மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண் தலையில் பூ வைத்துவிட்டால் உறுதியான மாதிரி. கூடம் நிறையக் கூட்டம். அக்காவுக்கு மாம்பழக் கலர்... நிறப் பட்டு. நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பூ வைத்து முடித்த கையோடு செண்பகவல்லி அத்தை உள்ளே வந்தாள், மாத்திரை போட வெந்நீர் வேண்டும் என்று. வெந்நீர் எல்லாம் சாக்கு. வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தங்கச்சிக்காரி எப்படி, அடுப்படி எப்படி என்று. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"ஒனக்கு எப்பம் பூ வைக்கப் போறாவ?"

என்ன கேள்வி இது? அக்கா தலையில் வைத்த பூவின் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அடுத்தவளுக்கு நாள் குறிக்கிறார்கள். எனக்குப் பளிச்சென்று பதில் வந்தது. எனக்கு எப்போதும் வரும், விவாதப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வீட்டில் இருக்கின்றன.

"நான் ஏற்கெனவே பூ வைத்துவிட்டேன் அத்தை" என்றேன்.

எப்படி இருக்கிறது? பூ வைப்பதைக் கேட்டாள், நான் வலைப்பூவைச் சொன்னேன். அத்தைக்குச் சிலேடை புரியவில்லை, வாயைத் திறந்தபடி நின்றாள். சரி, விளக்குவோம் என்று, "வலைப்பூ. நான் பதிவர். பதிவு போட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது" என்றேன். அந்த நேரம் பார்த்து அப்பளம் சடசடவென்று பொரிந்தது. என்ன காதில் விழுந்ததோ என்னவோ, நான் கத்திப் பேசுகிறவள் இல்லை. ஆனால் பதிவு என்பது நன்றாக விழுந்தது. விழுந்ததும் அவள் என் கழுத்தைப் பார்த்தாள். சொன்னேனே, எல்லாரும் அங்கேதான் பார்க்கிறார்கள்.

அப்புறம் தொடங்கியது விசாரணை. ஒவ்வொரு கேள்வியும் எனக்கு மனப்பாடம், கேளுங்கள். இது வேவு இல்லை என்றால் வேறு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

"வீட்டுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது, தெரிந்தால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார் என்றேன். "எங்க வச்சு?" என்றாள், குரலைத் தாழ்த்தி. விடுதியில்தான், எல்லாரும் தூங்கின பிறகு என்றேன். "சாட்சிக்கு யாரு இருந்தா?" அந்தச் சொல்லே போலீஸ்... காவல்துறைச் சொல், கவனியுங்கள். யாருக்குத் தெரியும் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாள். என் அறைத்தோழி ஜெபா மட்டும்தான், வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். "பேரு என்ன?" என்றாள். பெயரை வெளியே சொல்வதில்லை, புனைபெயர்தான் என்றேன். அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்துகொண்டு, கடைசியாக, இந்த நாட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் எங்கே வந்து நிற்குமோ அங்கே வந்து நின்றாள்.

"நம்ம ஆளுகதானா?"

"சாதியெல்லாம் பார்ப்பதில்லை அத்தை. யார் வேண்டுமானாலும் வரலாம். மலேசியாவிலிருந்துகூட ஒருவர் அடிக்கடி வருகிறார்."

உண்மைதான் அம்மா, ஒருவர் வருகிறார். 'அருமை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்.

அத்தை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். வெந்நீர் அப்படியே ஆறிப்போனது. சாதி பார்க்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னதைத் தாங்க முடியவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு பெருமைகூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என்ன, ஏன் வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள்? இருமலா? தண்ணீர் வேண்டுமா? ஏதோ சொல்ல வருகிறீர்கள், சொல்லலாம், நான் முடித்த பிறகு சொல்லலாம். ஒருவர் பேசும்போது நடுவில் வரக்கூடாது என்பது விவாதத்தில் முதல் விதி.

ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் நயினார் மாமா அப்பாவிடம் செல்பேசியில் பேசினார். அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் இருக்கிறார், அதிர்ந்து பேசமாட்டார். மாமா சொன்னாராம், கொஞ்சம் தள்ளிப் போடுவோம், உங்க சின்ன மக விஷயம் எங்க காதுக்கு வந்திட்டு, அவகிட்டயே கேட்டுக்கிடுங்க, பொம்பளைப் பிள்ளை விஷயம், அதை நாங்க வாயால சொல்லமாட்டோம், வெளியவும் ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டோம், பயப்படாதீங்க என்று. வெளியே சொல்லமாட்டோம் என்று எவன் சொல்வான்? மிரட்டுகிறவன் சொல்வான். நாகரிகமான மிரட்டல்.

அப்பா என்னைக் கூப்பிட்டு, என்னட்டி பண்ணி வச்சிருக்க என்றார். நான் மறைக்கவில்லை. வலைப்பூவைத் திறந்து காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடுதிச் சாம்பார் பதிவை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, இதுக்கா, என்றார். இதுக்கா கல்யாணத்தை நிறுத்துவாவ என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கும் புரியவில்லை. குடம் பதிவைக் காட்டினேன். அப்போதுதான் அப்பா தலையில் கைவைத்தார். சரி, பெரிய மனுஷியைப் பத்தி எழுதினது தப்புதான், நான் பேசிக்கிடுதேன் என்று நயினார் மாமாவைக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்.

"ஆமாங்க, பண்ணினது உண்மைதான். எங்களுக்கே இப்பந்தான் தெரியும். சின்னப் பிள்ள, தெரியாம பண்ணிட்டா. எல்லாத்தையும் அழிச்சிரச் சொல்லியாச்சு. யாருக்கும் தெரியாம முடிச்சிரலாம்."

இதைவிடப் பணிந்து ஒருவர் பேச முடியுமா? மகளின் எழுத்தையே அழிக்கிறேன் என்கிறார். அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அப்பா செல்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, டவர் இல்ல போல என்றார். டவர் இல்லையாம். அதற்கப்புறம் அவர்கள் எடுக்கவேயில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் ஆணவத்தை.

நான் எதையும் அழிக்கவில்லை. ஒரு வரிகூட. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஜெபாவோடு பேச்சை நிறுத்திவிட்டேன். வேறு யாருக்கு என் வலைப்பூ தெரியும்? அத்தை ஜெபாவின் பெயரை வாங்கிக்கொண்டு போனாள், எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாள். ஜெபா சத்தியம் செய்தாள், அழுதாள், புளியங்குடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது என்றாள். அவள் பக்கத்து மாவட்டத்து மூக்குப்பேரிக்காரி, தெரியாமல் இருக்க முடியுமா? இப்போது ஒரே அறையில் இருக்கிறோம், நடுவில் துணி காயப்போடும் கயிறு. என் பக்கம் என் துணி, அவள் பக்கம் அவள் துணி.

அக்காவா? அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. கத்தினால் பதில் சொல்லலாம். அந்த மாம்பழப் பட்டை மடித்து, மேலே பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி, பரணில் ஏற்றிவிட்டாள். மாப்பிள்ளை அதுவரை தினமும் பேசிக்கொண்டிருந்தவர். கடையில் கரண்ட் போனது, வந்தது எல்லாம் சொல்வாராம். கடைசியாக ஒரு தடவை பேசி, அத்தை சொன்ன பொறவு நான் என்ன செய்ய கோமதி என்றாராம். அவ்வளவுதான். அக்கா அதற்கப்புறம் தலையில் பூ வைப்பதில்லை. பூக்காரி வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போகிறாள். வார விடுப்பில் நான் வீட்டுக்கு வந்து ராத்திரி எழுதிக்கொண்டிருந்தால் பக்கத்தில் திரும்பிப் படுத்திருப்பாள், தூங்குகிற மாதிரி. எனக்குத் தெரியும், மூச்சு தூங்குகிற மூச்சு இல்லை.

போன வாரம்தான் வாய் திறந்தாள். "நீ எழுது ஆவுடை. என்ன வேணும்னாலும் எழுது. எனக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அடுப்படியில அந்த அத்தைகிட்ட என்னென்ன பேசினே, அதை மட்டும் ஒருதரம் சொல்லு. ஒத்தை வார்த்தை விடாம."

எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பாருங்கள். சொந்த அக்கா. என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாள். நான் என்ன பேசினேன் என்பதா பிரச்சினை, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதா? நான் சொல்லமாட்டேன் என்றேன். இது கொள்கை சார்ந்த மறுப்பு என்றும் சொன்னேன். அக்கா, "ஒனக்கு ஒன் வார்த்தை. எனக்கு அவருதான் இருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அதனால்தான் இந்தப் பயணம். அக்காவுக்காகத்தான். பல்கலைக்கழகத்தில் அணிக்கு நான்தான் தலைவி, ஒரு வீட்டுக் கூடத்தில் பேச மாட்டேனா?

கடையநல்லூர் தாண்டிவிட்டதா? சொக்கம்பட்டியா இது? அப்படியானால் நேரம் இல்லை. நான் பேசப் போவதை உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தெரியாதவர்களிடம் ஒத்திகை பார்ப்பதுதான் நல்லது. உள்ளே போனவுடன் உட்காரமாட்டேன். தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டேன். நின்றுகொண்டே சொல்வேன். 'நான் பதிவு செய்தது உண்மை. மூன்று வருடமாகச் செய்கிறேன். இன்னும் செய்வேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. என் அப்பா அழிக்கச் சொன்னார், நான் அழிக்கவில்லை, என்றைக்கும் அழிக்கமாட்டேன். அதற்கும் என் அக்காவுக்கும் சம்பந்தம் கிடையாது.' எப்படி? கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்? விடுங்கள், சொல்லுங்கள், நான்தான் முடித்துவிட்டேனே, இனி உங்கள் முறை.

என்ன? கல்யாணப் பதிவா?

யாருக்குக் கல்யாணம்? எனக்கா?

அம்மா. நீங்கள் நல்லவர், தெரிகிறது. அதனால்தான் அவர்களையும் நல்லவர்களாக்கப் பார்க்கிறீர்கள். ஏதோ காது கேட்காமல், சொல் புரியாமல், பாவம் பயந்துவிட்டார்கள் என்று. அடக்குமுறை செய்கிறவர்களுக்கு எப்போதும் இப்படி ஒருவர் வந்து காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார். நான் கேட்கிறேன், அந்த மாமா வாழ்நாள் முழுக்கச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறவர். அத்தை காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுக்கும்போதே இன்று எத்தனை பதிவு என்றுதான் கேட்பாளாம். ஓடிவந்த ஜோடிகள்கூட அங்கேதான் வந்து நிற்பார்களாம், மாமாதான் எழுதிக் கொடுப்பாராம், பெண் பார்க்க வந்த அன்று அவரே சொன்னார். அப்படிப்பட்ட வீடு. பதிவு என்றால் என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரியாதா?

தெரியும் என்றுதான் நீங்களும் சொல்கிறீர்களா? அப்புறம் என்ன?

ப்ளாக் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்கிறீர்கள். ப்ளாக் என்றே சொல்லேன் என்று முன்பு ஜெபாவும் சொன்னாள், வலைப்பூவைக் காட்டியபோது அப்பாவும் சொன்னார், இப்போது முன்பின் தெரியாத நீங்களும் சொல்கிறீர்கள். எப்படி எல்லாரும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறீர்கள்? யார் சொல்லிக் கொடுத்தது? என் அறிமுகத்தை என் மொழியில் சொல்லும் உரிமையைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? அக்காவுக்காக அப்பளம் பொரித்தேன், அக்காவுக்காக அந்தக் குடத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்காக எதையும் விடுவேன். இதை விடமாட்டேன். இல்லை, அக்காவை விடுகிறேன் என்று சொல்லவில்லை. நான் சொன்னதைத் திரிக்காதீர்கள்.

இருங்கள், செய்தி வருகிறது. அக்கா. 'எங்க இருக்க. பல்கலைக்கழகத்துக்குப் பேசினேன், நீ வரலன்னு சொன்னாவ. புளியங்குடி போறியா. போகாத. வாயைத் திறக்காத. திரும்பி வா.' பாருங்கள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி. என் அக்கா முற்றுப்புள்ளி வைக்கவே மாட்டாள், எல்லாம் நீளமாக ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். இல்லையென்றால் அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள். எதுவாக இருந்தாலும் நான் திரும்புவதாக இல்லை.

எலுமிச்சம்பழ வாசனை வருகிறது. இதுதான் நிறுத்தம். சார்பதிவாளர் அலுவலகம் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், மாமாவின் கூரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாலு பேர் நிற்கிற இடம், அதுதான் நல்லது. எல்லாரும் கேட்கட்டும். நான் பதிவர் என்பதுதான் முதல் வார்த்தை.

வருகிறேன் அம்மா. கேட்டதற்கு நன்றி.

என்ன, நீங்களும் பையை எடுக்கிறீர்கள்? உங்கள் பயணச்சீட்டு ராஜபாளையத்துக்குத்தானே, நான் பார்த்தேனே. நடத்துநரே, பாருங்கள், இவர் இங்கே இறங்க வேண்டியவர் இல்லை. என் கூட வருகிறீர்களா? எதற்கு? நான் பேசுவதற்கு முன்னால் அந்த அத்தையிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டுமா? உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னீர்களே.

கையை விடுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் யார் வீட்டு ஆள்?